ஒரே நாழியால் அளப்போம்: நம் மரபுச் செய்திகளும் நடுநிலை ஆராய்ச்சியும்

முன்னுரை

விழா மலர்களில் நம் முன்னோரின் பெருமைகளை எடுத்துரைப்பது நெடுநாளைய வழக்கம். சீவக சிந்தாமணி தந்தவர்கள் நாம். நன்னூல் தந்த பவணந்தி முனிவர் நம்மவர். யாப்பருங்கலம் இயற்றிய அமிதசாகரரும், சூடாமணி நிகண்டு தந்த மண்டலபுருடரும் நம் சமயத்தவர். இவை ஐயத்திற்கு இடமில்லாத உண்மைகள். எத்தனை முறை எழுதினாலும் தகும்.

ஆயினும் இவ்வுண்மைகளின் வரிசையிலேயே வேறு சில செய்திகளையும் நாம் அதே உறுதியோடு சொல்லி வருகிறோம். நாலடியார் ஏடுகள் வைகை வெள்ளத்தை எதிர்த்து வந்தன என்கிறோம். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்கிறோம். திருக்குறளை இயற்றியவர் குந்தகுந்த ஆசாரியரே என்கிறோம். இம்மூன்றும் கல்வெட்டும் நூற்சான்றும் உடைய செய்திகளோடு ஒத்த நிலையில் வைத்தற்கு உரியனவா? இவ்வினாவை அயலார் எழுப்பினால் நமக்குச் சினம் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் எழுப்பினால் விடை சொல்லத் தயங்குகிறோம். அவ்வினாவை நாமே எழுப்பி, நடுநிலையோடு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நெல்லை அளக்க ஒரு நாழி, பிறர் நெல்லை அளக்க வேறொரு நாழி வைத்திருப்பவனை ஊர் நம்பாது. வரலாற்றுக்கும் அஃதே முறை.

ஆராய்ச்சி நம் நெறிக்கு அயலானதா?

சமயச் செய்திகளை ஆராய்வது நம்பிக்கைக் குறைவு என்று கருதுவார் உளர். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. அவ்வாறிருக்க, ஐயம் எழுப்புவது நற்காட்சியைக் குலைக்காதா என்று அவர்கள் கேட்பர். நேர்மையான கேள்வி. விடையும் அவ்வெட்டு உறுப்புகளுக்குள்ளேயே இருக்கிறது.

ஐயமின்மையைக் கூறிய அதே வரிசையில் மயக்கமின்மை என்னும் அமூடதிருட்டியும் ஓர் உறுப்பாக வைக்கப்பட்டுள்ளது. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூவகை மூடங்களை விலக்கச் சொல்கிறார். ஆற்றிலும் கடலிலும் நீராடுவதே அறம் என்று கருதுதல், மணலையும் கல்லையும் குவித்தல், மலையினின்று வீழ்தல், தீயிற் புகுதல் ஆகியவற்றை உலக மூடம் என்று அவர் வகுக்கிறார். இல்லறத்தார்க்குரிய இத்தகைய நெறிகளைத் தமிழில் சுருங்கச் சொல்லும் அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் ஓதப்பட்டு வந்த நூல். ஆகவே, ஐயமின்மை என்பது உயிர், வினை, வீடு முதலான மெய்ப்பொருள்கள்பால் கொள்ளும் உறுதி. கேட்டதையெல்லாம் ஏற்றுக்கொள்வது அவ்வுறுதி ஆகாது. அவ்வாறு ஏற்பதைத் தடுக்கவே மயக்கமின்மை உடன் வைக்கப்பட்டது.

அதே சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சை என்னும் நூலையும் செய்தார். அதன் தொடக்கமே நம்மை வியக்க வைக்கும். வானோர் வந்து வணங்குவதும், வானில் இயங்குவதும், கவரி வீசப் பெறுவதும் மாயவித்தைக்காரரிடத்தும் காணப்படுவன. அவற்றால் மட்டும் ஒருவர் வணக்கத்திற்கு உரியவர் ஆகிவிடார் என்னும் கருத்தோடு அது தொடங்குகிறது. அருகனைத் தொழும் ஆசாரியர், அருகனின் பெருமைக்கு அற்புதங்கள் சான்றாகா என்கிறார். அவர் தேடும் சான்று வேறு: சொல் முரணின்றி நிற்கிறதா, அறிவுக்குப் பொருந்துகிறதா என்பதே அது. வடபுலத்துச் சுவேதாம்பர ஆசாரியராகிய அரிபத்திரரும், சினர் உரையைத் தாம் ஏற்றது ஒருதலைப் பற்றினால் அன்று, அதன் நியாயம் கருதியே என்னும் கருத்தைப் பதிவு செய்துள்ளார்.

இறைவனையே ஆராய்ந்து வணங்கிய மரபில் வந்தவர்கள், ஓர் ஏடு ஆற்றில் எப்படிச் சென்றது என்பதை ஆராய அஞ்ச வேண்டியதில்லை.

இங்கு அநேகாந்தத்தைப் பற்றியும் ஒரு சொல். அநேகாந்தம் என்பது எல்லாரும் சொல்வது சரி என்று தலையசைப்பதன்று. ஒரு பொருளை எந்த நிலையில் நின்று, எவ்வளவுக்குச் சொல்லலாம் என்று வரையறுத்துச் சொல்லும் பயிற்சி அது. "ஒருவகையால்" என்னும் பொருள் தரும் சியாத் என்ற சொல்லை நம் முன்னோர் ஒவ்வொரு முடிபின் முன்னும் வைத்தது, தம் முடிபையும் அளவோடு சொல்வதற்காகவே. பிறர் கூற்றுக்கு மட்டும் சியாத் சேர்த்து, நம் கூற்றுக்குச் சேர்க்காமல் விடுவது அநேகாந்தம் ஆகாது.

நீலகேசி காட்டும் வழியும் அதன் எல்லையும்

தமிழில் வாதம் என்பதற்கு நம் பெருநூல் நீலகேசி. பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதநெறி, பூதவாதம் ஆகியவற்றை வரிசையாக எடுத்து ஆராய்வது. அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் உரை செய்தார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அதனைப் பதிப்பித்து உலகறியச் செய்தார்.

நீலகேசி மறுக்க எழுந்த பௌத்த நூலாகிய குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் செய்யுட்களுள் சில நமக்குக் கிட்டியிருப்பதற்கு நீலகேசி உரையும் ஒரு காரணம். எதிரியின் கருத்தை எதிரியின் சொல்லாலேயே எடுத்துவைத்து, பின்னரே மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்ததால், மறுத்தவர் கையிலேயே மறுக்கப்பட்டவரின் செல்வம் பிழைத்தது. சமயப் பகைமை மிகுந்திருந்த காலத்தில் இது சிறிய செயலன்று.

ஆனால் முழுமையும் சொல்வதே நேர்மை. நீலகேசியில் எல்லா வாதத்திலும் நீலகேசியே வெல்கிறாள். மணிமேகலையில் நம் நிகண்டவாதி தன் கொள்கையைச் சொல்லக் கேட்டு, மணிமேகலை அதனைக் கடந்து செல்கிறாள். முடிவில் நிலைபெறுவது பௌத்தமே. பெரியபுராணத்தில் சைவம் வெல்கிறது. தத்தம் வீட்டில் எழுதப்பட்ட வாதங்களில் தத்தம் சமயமே வென்றிருப்பது இயல்பு. ஆகவே, நூலில் வந்த வெற்றியை வரலாற்று வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்ற விதியை வகுத்தால், அது மூன்று நூலுக்கும் பொருந்தும். நீலகேசியின் எள்ளல் மொழிகள் ஒரு பௌத்தர் செவியில் எப்படி ஒலித்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேவாரப் பதிகங்களில் நம் முன்னோரைப் பற்றி வரும் கடுஞ்சொற்கள் நமக்கு எப்படி ஒலிக்கின்றனவோ அப்படித்தான் ஒலித்திருக்கும்.

நம் நூல்களுக்குள்ளேயும் ஆராய்ந்து பொருள் கொள்ள வேண்டிய இடங்கள் உள. நீலகேசியின் தொடக்கத்தில், காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க வந்த மக்களிடம், விலங்குகளின் மண் உருவங்களைச் செய்து வைத்தால் போதும் என்று முனிச்சந்திரர் அறிவுறுத்துகிறார். யசோதர காவியத்திலோ, மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்காக யசோதரனும் அவன் தாயும் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர். இரண்டும் ஐஞ்சிறுகாப்பியங்களைச் சேர்ந்தவை. இரண்டும் கொல்லாமையைப் போற்றுபவை. ஓரிடத்தில் உருவம் உயிரைக் காக்கும் வழி. மற்றோரிடத்தில் உருவத்தை வெட்டுவதே வினைக்கு வித்து. கொல்லும் எண்ணம் எங்கே இருந்தது, காக்கும் எண்ணம் எங்கே இருந்தது என்று பார்த்தால் முரண் நீங்கும். பார்க்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றது நமக்கு எதிராக நிற்கும். சிந்தித்துப் படித்தால் நூல் சிறக்குமேயன்றிச் சிறுக்காது என்பதற்கு இஃதொரு சான்று.

வைகையை எதிர்த்த ஏடுகள்

இனி முதற் செய்திக்கு வருவோம். பஞ்சத்தால் பாண்டிய நாட்டை அடைந்த எண்ணாயிரம் சமண முனிவர், பஞ்சம் நீங்கியபின் தம் நாடு செல்ல விரும்பினர். அவர்களைப் பிரிய மன்னனுக்கு மனமில்லை. விடை பெறாமலே இரவில் அவர்கள் புறப்பட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு வெண்பா எழுதித் தம் இருக்கையின்கீழ் வைத்துச் சென்றனர். சினந்த மன்னன் அவற்றை வைகையில் எறிவித்தான். அவற்றுள் நானூறு வெள்ளத்தை எதிர்த்து வந்தன. அவையே நாலடியார் ஆயின. இதுவே நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்ட கதை.

இப்போது மற்றொரு கதையை நோக்குவோம். திருஞானசம்பந்தர் சமணரோடு செய்த புனல்வாதத்தில், அவர் இட்ட ஏடு வைகையை எதிர்த்துச் சென்றது. சமணர் இட்ட ஏடு வெள்ளத்தோடு போயிற்று. ஏடு சென்று நின்ற இடம் சோழவந்தானுக்கு அருகிலுள்ள திருவேடகம் என்று சைவ அன்பர்கள் போற்றுகின்றனர்.

ஆறு ஒன்றே. ஏடு எதிரேறிய அற்புதமும் ஒன்றே. எண்ணாயிரவர் என்னும் தொகையும் இரு கதைகளிலும் வருகிறது. ஒன்றில் ஏடு நம் பக்கம் ஏறுகிறது. மற்றொன்றில் அவர்கள் பக்கம் ஏறுகிறது. திருவேடகக் கதையைக் கேட்டு "ஆற்றை எதிர்த்து ஏடு போகுமா?" என்று நகைக்கும் நம்மவர், நாலடியார்க் கதையைக் கைகூப்பிக் கேட்கின்றனர். சைவ நண்பர்களுள் சிலர் இதனை மறுதலையாகச் செய்கின்றனர். எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு எச்சமயமும் இல்லை. ஆற்றின் ஓட்டமும் அவ்வாறே. ஒன்றை நம்புவதற்கு நாம் காட்டும் காரணம் எதுவாயினும் அது மற்றதற்கும் செல்லும். ஒன்றைத் தள்ளுவதற்குக் காட்டும் காரணமும் அப்படியே.

எந்தக் கதை முந்தியது, எது எதற்கு மறுமொழியாக எழுந்தது என்று உறுதி செய்யப் போதிய சான்று இல்லை. ஒரே மண்ணில் அருகருகே வாழ்ந்த இரு சமயத்தார், தம் நூலின் உயர்வைச் சொல்ல ஒரே உருவகத்தைக் கையாண்டனர் என்று கொள்வது இருவருக்கும் தீங்கற்ற முடிபு. காலவெள்ளம் அனைத்தையும் அடித்துச் செல்லும். நல்ல நூல் அதனை எதிர்த்து நிற்கும் என்பதே அவ்வுருவகத்தின் பொருளாகலாம்.

நூலுக்குள்ளேயே கிடைக்கும் சான்று வேறு. நாலடியார்ச் செய்யுட்களுள் இரண்டு பெருமுத்தரையர் என்பாரின் வள்ளன்மையைக் குறிக்கின்றன. முத்தரையர் செல்வாக்குற்றிருந்த காலத்தை வைத்து, அறிஞர் பலர் நாலடியாரை 7, 8ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்பர். நாற்பது அதிகாரங்களாக வகுத்தவர் பதுமனார் என்பது மரபு. ஓரிரவில் எழுதப்பட்டதாயினும், பலர் பல காலம் பாடியவை தொகுக்கப்பட்டதாயினும், அந்நானூறு வெண்பாக்களின் மதிப்பில் ஓர் அணுவும் குறையப் போவதில்லை. நிலையாமையைச் சொல்லும் வெண்பா நம் நெஞ்சைத் தொடுவது அதன் சொல்லாலும் பொருளாலும். ஏடு ஏறி வந்த திசை அதற்குக் காரணமன்று.

எண்ணாயிரவர் கழுவேற்றம்

இரண்டாவது செய்தி வேதனை கலந்தது. ஆகவே இன்னும் கவனத்தோடு அணுக வேண்டியது.

சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அவர் பதிகங்களில் பத்தாம் பாடல்தோறும் சமணரையும் பௌத்தரையும் இகழ்ந்துரைத்தல் காணப்படுகிறது. ஆனால் எண்ணாயிரவர் கழுவேறிய செய்தி அப்பதிகங்களில் இல்லை. அது நூற்றாண்டுகள் கழித்து நம்பியாண்டார் நம்பியின் பாடல்களில் இடம்பெறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவாகப் பாடுகிறார். ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியிலும் அச்செய்தி வருகிறது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கும் பெரியபுராணத்திற்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு. சமணர் தரப்பிலோ, இதுவரை அறியப்பட்ட கல்வெட்டுகளிலும் பழைய நூல்களிலும் இக்கொடுமையைப் பற்றிய குறிப்பு இல்லை. வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இதனை வரலாறாகக் கொள்ளலாகாது என்றே முடிவு செய்தார்.

அன்றியும், அக்காலத்திற்குப் பின்னரும் பாண்டிய நாட்டில் சமணம் ஓங்கியிருந்ததற்குக் கற்களே சான்று. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. அச்சணந்தி முனிவரின் பெயர் ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம் முதலிய இடங்களில் காணப்படுகிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் அவர் தாயார் குணமதியார் செய்வித்த திருவுருவமும் உள்ளது. 9ஆம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குகைக்கோயிலைப் புதுப்பித்தார். எண்ணாயிரம் துறவியரை ஒரே நாளில் இழந்த ஊரின் சுற்றுப்புறத்தில், இருநூறு ஆண்டுக்குள் இத்தனை பணிகள் நடந்திருப்பது சிந்திக்கத்தக்கது. எண்ணாயிரம் என்பதும், மதுரையைச் சூழ்ந்த எண்பெருங்குன்றத்தோடு இணைத்து வழங்கிய மரபுத் தொகையாகலாம்.

அவ்வாறாயின் துன்பமே நிகழவில்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் நடுநிலையாகாது. கல்வெட்டுகள் சமணம் தொடர்ந்ததைக் காட்டுகின்றன. ஒருவரும் துன்புறுத்தப்படவில்லை என்று அவை காட்டவில்லை. பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணமே கூறுகிறது. அரச ஆதரவு மாறிய காலத்தில் பள்ளிகள் அழிந்ததும், சில குகைப் பள்ளிகள் பிற கோயில்களாக மாறியதும் மறுக்க இயலாதவை. மதுரைக் கோயிலில் கழுவேற்றக் காட்சி ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்ததும், விழாவாக நினைவு கூரப்பட்டு வந்ததும் உண்மை. நிகழ்ச்சி நடந்திராவிடினும், அதனைப் பெருமையாக நினைத்த மனநிலை இருந்தது என்பதற்கு அவை சான்று. அதனைச் சுட்டிக்காட்ட நமக்கு முழு உரிமையும் உண்டு.

ஆனால் இங்கும் நாழி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கழுவேற்றத்திற்கு நாம் காட்டும் சான்று பெரியபுராணம். அதே புராணம், அதே வரலாற்றில், ஏடு தீயில் வேகாததையும் ஆற்றை எதிர்த்ததையும் சொல்கிறது. தோற்றால் கழுவேறுவோம் என்று சமணரே சொன்னதாகவும் சொல்கிறது. அற்புதங்களைப் பொய் என்று தள்ளி, வஞ்சினத்தையும் மறுத்து, கழுவேற்றத்தை மட்டும் மெய் என்று எடுத்துக்கொள்வது எந்த நியாயத்தால்? "தம் தரப்புக் கொடுமையைத் தாமே ஒப்புக்கொண்டனர், ஆகவே அது உண்மையாகத்தான் இருக்கும்" என்று சிலர் வாதிடுவர். குற்றத்தை நாணி ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்திற்கு அவ்வாதம் பொருந்தும். வெற்றியின் சிறப்பாகப் பாடப்பட்ட செய்திக்கு அது பொருந்தாது; பெருமை பேசுவோர் தொகையைக் கூட்டியே சொல்வர். அற்புதத்தை நம்பிக் கழுவேற்றத்தை மட்டும் பிற்சேர்க்கை என்று ஒதுக்கும் சைவ அன்பரிடமும் இதே வினாவைப் பணிவோடு கேட்கலாம். நம் நாழியைச் சரிசெய்துகொண்ட பின்னரே அவ்வாறு கேட்கும் தகுதி நமக்கு வருகிறது.

ஆதலின், "எண்ணாயிரவர் கழுவேற்றப்பட்டனர் என்று பிற்காலச் சைவ நூல்கள் கூறுகின்றன, சமகாலச் சான்று கிடைக்கவில்லை" என்று சொல்வதே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது. இவ்வாறு சொல்வதால் முன்னோரின் துயரை மறந்தவர்கள் ஆகோம். நடந்த அளவை நடந்ததாகச் சொல்பவனின் சொல்லைத்தான் நடுநிலையாளர் கேட்பர். அன்றியும், இக்கதையைக் கேட்டு வளரும் பிள்ளை, இன்று தன்னோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் சைவப் பிள்ளையைப் பகைவனாகக் காண நேர்ந்தால், அது நாம் போற்றும் அகிம்சைக்கு நம் கையாலேயே செய்த ஊறு அல்லவா?

திருக்குறளும் குந்தகுந்தரும்

மூன்றாவது நம் உள்ளத்திற்கு மிக நெருங்கியது. பொன்னூர் மலைக்குச் சென்று குந்தகுந்தர் திருவடிகளை வணங்கி வருவோர், குறள் பிறந்த இடம் அதுவே என்ற உணர்வோடு திரும்புகின்றனர். இதனையும் ஆராய்வோம். இங்கே மூன்று கூற்றுகள் ஒன்றாகப் பிணைந்துள்ளன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும்.

முதலாவது, சமணர் திருக்குறளைத் தம் நூலாகப் போற்றினர் என்பது. இதற்கு ஐயமில்லை. நீலகேசி உரையில் வாமன முனிவர் திருக்குறளை "எம்மோத்து" என்று உரிமையோடு குறிக்கிறார். ஓத்து என்பது மறைநூல் என்னும் பொருளது.

இரண்டாவது, குறளின் ஆசிரியர் சமணர் என்பது. இதற்கு நல்ல காரணங்கள் உள்ளன. கடவுள் வாழ்த்தில் வரும் ஆதிபகவன், மலர்மிசை ஏகினான், எண்குணத்தான் முதலிய பெயர்கள் அருகனுக்குப் பொருந்துகின்றன. புலால் மறுத்தலும் கொல்லாமையும் தனித்தனி அதிகாரங்கள் பெறுகின்றன. வேள்வியினும் கொல்லாமை உயர்த்திச் சொல்லப்படுகிறது. சமணர் அல்லாத வையாபுரிப் பிள்ளை அவர்களும், செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலெபிலும் இம்முடிபின் பக்கமே சாய்ந்தனர். எதிர்த்தரப்பிலும் காரணங்கள் உள்ளன. மலர்மீது நடத்தல் புத்தருக்கும் சொல்லப்படுவது. எண்குணத்தைச் சைவர் சிவனுக்கு உரியதாக்குவர். இந்திரன், திருமகள், தாமரைக் கண்ணான் உலகு ஆகியன குறளில் வருகின்றன. இந்திரனும் திருமகளும் நம் காவியங்களிலும் வருவர் என்று நாம் விடை சொல்லலாம். இரந்து வாழும் நிலை உலகில் இருக்குமாயின் உலகைப் படைத்தவன் கெடுக என்னும் கருத்துடைய குறளை, படைப்புக் கடவுளை மறுக்கும் குரல் என்று நாம் காட்டுவோம். படைத்தவன் ஒருவன் உண்டு என்பதற்கு அதுவே சான்று என்று அவர்கள் காட்டுவர். ஆகவே இக்கூற்று வலிவுடையது, ஆயினும் முடிந்த முடிபு அன்று.

மூன்றாவது, அவ்வாசிரியர் குந்தகுந்தரே என்பது. பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார் 1920இல் பஞ்சாஸ்திகாய சாரத்தைப் பதிப்பித்தபோது இக்கருத்தை முன்வைத்தார். குந்தகுந்தருக்கு ஏலாசாரியர் என்றொரு பெயர் உண்டு. குறளை இயற்றியவர் ஏலாசாரியர் என்பது சமண மரபு. ஆகவே இருவரும் ஒருவர் என்பது அவ்வாதத்தின் நடுத்தூண். அத்தூணைத் தட்டிப் பார்ப்போம்.

குந்தகுந்தருக்கு ஏலாசாரியர் என்னும் பெயர் வழங்குவதைக் காட்டும் விசயநகரக் கல்வெட்டு 14ஆம் நூற்றாண்டினது. குந்தகுந்தருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. ஏலாசாரியர் என்ற பெயர் வேறு பலருக்கும் உண்டு. தவளா உரை செய்த வீரசேனரின் ஆசிரியர் ஓர் ஏலாசாரியர். கி.பி. 939இல் இந்திரநந்தி இயற்றிய சுவாலாமாலினி கல்பத்தில், தென்னாட்டு ஏமகிராமத்தைச் சேர்ந்த ஏலாசாரியர் நீலகிரி என்னும் மலைமீது சுவாலாமாலினி தேவியை வழிபட்ட செய்தி வருகிறது. ஏமம் என்பது பொன். ஏமகிராமம் பொன்னூரே என்று ஆய்வாளர் கருதுவர். பொன்னூர் ஆதிநாதர் சினாலயத்தில் உள்ள சக ஆண்டு 1655, அதாவது கி.பி. 1733ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மலைமேல் வாரந்தோறும் ஏலாசாரியர் வழிபாடு நடக்கும்போது பார்சுவநாதர், சுவாலாமாலினி திருவுருவங்களை அங்கே எழுந்தருளச் செய்ய வேண்டும் என்கிறது. சுவாலாமாலினியோடு சேர்த்து வழிபடப்பெற்ற அவ்வேலாசாரியர், இந்திரநந்தி குறித்த ஏலாசாரியராக இருத்தலே பொருத்தம். குந்தகுந்தரின் நூல்களாக ஐயமின்றி ஏற்கப்படும் சமயசாரம், பிரவசனசாரம், பஞ்சாஸ்திகாயம் ஆகியன பிராகிருதத்தில் அமைந்தவை என்பதும் நோக்கத்தக்கது. அவர் தமிழில் எழுதியிருக்க முடியாது என்று இதனால் ஆகாது. எழுதினார் என்பதற்குத் தனிச்சான்று வேண்டும் என்று ஆகிறது.

எனவே முதற்கூற்றை உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவதைக் காரணங்களோடு சொல்லலாம். மூன்றாவதை மரபு என்ற அளவில் சொல்லலாம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, வலுவற்ற மூன்றாவதை ஒருவர் மறுத்துவிட்டால், கேட்பவர் வலிவுடைய முதல் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். மிகைபடச் சொல்வதால் நாம் இழப்பது இதுவே. பேராசிரியர் சக்கரவர்த்தியாரின் பெருமையும் இதனால் குன்றாது. அவர் தம் முடிபைச் சான்று காட்டி வாதித்தார். அச்சான்றுகளை நாம் எடைபோடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. பொன்னூர் மலைத் திருவடிகளை வணங்குவோர் துறந்தார் பெருமையை வணங்குகின்றனர். அவ்வணக்கத்திற்குக் குறளின் ஆசிரியர் யார் என்ற வழக்கு முடிய வேண்டியதில்லை.

பிறர் நமக்குக் காட்டிய நடுநிலை

இந்நடுநிலையை அயலார் சிலர் நம் பொருட்டு மேற்கொண்டதையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும். உ.வே. சாமிநாதையர் சைவ மரபில் கற்றவர். சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, சமணக் கருத்துகளைச் சமணரிடமே கேட்டறிய வேண்டும் என்று கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடிப் பாடம் கேட்டார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. சமணம் தாழ்ந்தது என்று தம்மைச் சூழ்ந்தோர் சொன்னதை அவர் அளவுகோலாகக் கொண்டிருந்தால், சிந்தாமணி அவ்வளவு செம்மையாக நம் கைக்கு வந்திராது. சைவராகிய நச்சினார்க்கினியர் அதற்குச் செய்த உரையும் இன்றளவும் நமக்குத் துணை. நம் நூலை அவர்கள் நம் கண்ணால் பார்க்க முயன்றனர். அவர்கள் நூல்களை அவர்கள் கண்ணால் பார்க்க நாம் எத்துணை முயன்றுள்ளோம்?

நாம் செய்யக்கூடியன

நம் குடும்பங்களும் பாடசாலைகளும் இதனைச் சிறிய அளவில் தொடங்கலாம். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, "நூல் கூறுகிறது", "கல்வெட்டு கூறுகிறது", "பெரியோர் சொல்லி வருவது" என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுவோம். கதைகளை விலக்க வேண்டியதில்லை. கதையைக் கதையாகவே சுவைக்கலாம். சினாலயங்களின் தல வரலாறுகளை அச்சிடும்போது, கல்வெட்டு இருக்குமாயின் அதன் காலத்தையும் செய்தியையும் சேர்த்து அச்சிடுவோம். பிற சமயத்தைக் குறித்து ஒன்று எழுதுமுன், அதே சொல்லை அவர்கள் நம்மைக் குறித்து எழுதினால் ஏற்போமா என்று ஒருமுறை எண்ணுவோம்.

ஆசிரியப் பணியில் நான் கண்டது ஒன்று உண்டு. ஒரு செய்தி ஐயத்திற்குரியது என்று ஆசிரியரே சொல்லக் கேட்ட மாணவன், அவர் உறுதி என்று சொல்லும் செய்தியை முழுமையாக நம்புவான். எல்லாவற்றையும் உறுதி என்று சொல்பவரிடம், ஒன்று பொய்த்த அன்றே அவன் எல்லாவற்றையும் கைவிடுவான். நகரங்களிலும் அயல்நாடுகளிலும் கற்கும் நம் இளையோர் கல்வெட்டையும் ஆய்வு நூலையும் தாமே தேடிப் படிக்கும் வாய்ப்புப் பெற்றவர்கள். ஏடு எதிரேறிய கதையில் அவர்கள் கொண்ட ஐயம், கொல்லாமையிலும் வினைக்கொள்கையிலும் ஐயமாக வளராமல் காப்பது நம் கடமை. அதற்கு வழி, கதை வேறு, நெறி வேறு என்று முன்னரே சொல்லி வைப்பதுதான்.

முடிவுரை

எறும்புக்கும் ஊறு செய்யாத வாழ்வு நல்லது என்பதற்கு வைகை சான்று சொல்ல வேண்டியதில்லை. பற்றையும் பகையையும் வென்றவனே வணக்கத்திற்குரியவன் என்பதற்குக் கழுமரம் சான்றாக வேண்டியதில்லை. குறளின் அறம் நம் அறம் என்பதற்கு ஆசிரியர் பெயர் உறுதியாக வேண்டியதில்லை. இவற்றை ஆராய்ந்து அளவோடு சொன்னால், எஞ்சி நிற்பது நம் நெறியின் உறுதியான பகுதி. இவ்விழா நாளில் நூற்காட்சியும் நடுநிலையும் உடைய வழித்தோன்றல்களை வளர்க்க உறுதி பூணுவோமாக.

அறம் ஓங்குக! அருகன் திருவடி வாழ்க!